இஸ்திரி போட்ட செய்தித்தாள்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த ஐந்து வருடமும் கரும்பலகையைப் பார்த்ததை விட, சன்னலுக்கு வெளியே போகும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணியதுதான் அதிகம். எந்த 'ந' எங்கே வரும், எந்த 'ர' எங்கே வரும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். எங்கள் நூலகர் மேடம் பிழைகளை மட்டும் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "வாக்கியத்துல கை வைக்க மாட்டேண்ணா, அது உங்களோடது" என்றார். எழுத்து சரியாக இருந்தால் அவரைப் பாராட்டுங்கள். மற்றதற்கெல்லாம் என்னைத் திட்டலாம்.

எங்கள் கிளை நூலகத்தை மூட இருந்தார்கள். அதற்குப் பாதிக் காரணம் நாங்கள்தான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கன்டெய்னர் கதவின் ஓரத்தில் மழைத்தண்ணீர் புகாமலிருக்க ஒரு ரப்பர் பட்டை இருக்கும். கிழிந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் என் வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. எனக்கு அதுதான் வசதி. "இன்னாய்யா, உன் வாய்க்கும் அந்த ரப்பரையே போட்டுகினியா?" என்று என் மனைவி கேட்பாள். பதில் சொல்ல நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

மதியத்தோடு ஷிப்ட் முடியும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு நூலகத்துக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். பத்து வருடத்துக்கு மேல் இதுதான் பழக்கம். திருவொற்றியூரில் ஒரு ரேஷன் கடையின் மேல்மாடியில் இருக்கிறது நூலகம். ஏணியைப் போலச் செங்குத்தான படி. மேலே எட்டு பெஞ்சு, மூன்று மின்விசிறி. அதில் ஒன்று சத்தத்தை மட்டும் கொடுக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்கள். மீதி, கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள், ஆட்டோக்காரர்கள். துறைமுக வாசலில் டிரெய்லர் வரிசை நகராத நாளில் லாரி டிரைவர்களும் வந்துவிடுவார்கள். நான் விரல் வைத்து, உதட்டை அசைத்துத்தான் படிப்பேன். வேறெங்கும் அப்படிப் படிக்க எனக்குக் கூச்சம். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதிப்பேர் அப்படித்தான் படிப்பார்கள்.

ஒரு செய்தித்தாள் வந்தால் அரை மணி நேரத்தில் தாள் தாளாகப் பிரிந்து ஏழு பேர் கையில் இருக்கும். அதை மாற்றிக்கொள்ள நாங்கள் பேசுவதில்லை. 'அமைதி காக்கவும்' என்று பலகை இருக்கிறதே. கப்பலில் சரக்கு ஏற்றும்போது கீழே நிற்பவன் கிரேன் ஆபரேட்டருக்குக் கையாலேயே சைகை காட்டுவான் அல்லவா, அதே சைகைகள்தான் எங்களுக்கு. ஆள்காட்டி விரலை மேலே சுற்றினால் 'முடித்துவிட்டேன், தூக்கிக்கொள்'. விரலைக் கீழே சுற்றினால் 'என் பக்கம் இறக்கு'. முஷ்டியை மடக்கிக் காட்டினால் 'நிறுத்து, இன்னும் படிக்கிறேன்'. இதையெல்லாம் பழக்கிவிட்டவர் ஓய்வு பெற்ற ஒரு கிரேன் ஆபரேட்டர். நாங்கள் அவரை அண்ணே என்போம். அவருக்கு எல்லோரும் நைனாதான். விளையாட்டுத் தாள் முதலில் அவரிடம்தான் போகும். அது எழுதாத சட்டம்.

எழுதாதது இன்னொன்றும் உண்டு. மேடத்தின் மேசையில் வருகைப் பதிவேடு இருக்கும், நூல் கட்டிய பேனாவோடு. வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் யாரும் போடமாட்டோம். எனக்கு என் எழுத்தைக் காட்டக் கூச்சம். அண்ணனுக்கு வேறு காரணம். "எதுனா ஒண்ணுல கையெழுத்து போட்டாத்தான் நைனா பேஜாரே ஸ்டார்ட் ஆவுது. என் சர்வீஸ்ல பாத்துகினேன்" என்பார். மேடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்.

போன பங்குனியில் ஒரு நாள் மேடம் ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார். நூலகங்களும் பழைய ஆவணங்களும் வருங்காலத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போடுகிறதாம். ஆள் வராத சின்னக் கிளைகளை மூடிப் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். பெரிய நூலகம் என்பது இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். புதன்கிழமை மாலை ஒரு பெண் அதிகாரி பார்வையிட வருவார் என்றும் அதில் இருந்தது.

"எனக்கு ரெண்டு நாள் டிரெய்னிங்ணா, புதன்கிழமைதான் வருவேன். அன்னிக்கு நம்ம லைப்ரரி நல்லா இருக்கணும். அவ்வளவுதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, பெருக்கும் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மேடம் மாதவரம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நல்லா இருக்கணும் என்றால் என்ன என்று மேடம் விளக்கியிருக்கலாம்.

திங்கள் மாலையே ஆரம்பித்தோம். பெஞ்சுகளை மாடியிலிருந்து இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஒட்டடை அடித்தோம். அடுத்து அலமாரி. புத்தகங்கள் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் பல் விழுந்த வாய்போல நின்றன. அது என் கண்ணை உறுத்தியது. யார்டில் இருபதடிப் பெட்டி ஒரு பக்கம், நாற்பதடிப் பெட்டி ஒரு பக்கம் என்றுதான் அடுக்குவோம். வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒரு யோசனை சொன்னேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். செவ்வாய் முடிவதற்குள் மொத்த நூலகத்தையும் உயரம் வாரியாக அடுக்கிவிட்டோம். ஒரு மட்டப்பலகையை வைத்துப் பார்க்கலாம், அப்படி நின்றன.

செய்தித்தாள்கள்தான் பாக்கி. அந்த வாரத்துத் தாள்கள் எல்லாம் கசங்கி, டீக்கறையோடு கிடந்தன. எங்களில் ஓர் ஆட்டோக்காரர் உண்டு. அவருடைய மச்சானுக்கு இஸ்திரி வண்டி. "குடு மாமு, சட்டையே நிக்குது, பேப்பர் நிக்காதா?" என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். லேசான சூட்டில் தேய்த்து, தாள்களை வரிசைப்படி சேர்த்து, நான்காக மடித்துக் கொண்டுவந்தார். அப்போதுதான் அச்சடித்து வந்ததுபோல இருந்தன.

புதன்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் படியின் கீழே கூடினோம். மேலே போகலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அறிவு கீதா உனுக்கு? ரெண்டு நாளா முதுகு ஒடிய கிளீன் பண்ணிகீறோம். இப்ப இந்த கலீஜ் காலோட மேல ஏறி எல்லாத்தையும் கலைக்கப் போறியா? அந்தம்மா வந்து பாத்துட்டு போவட்டும். அப்பறம் போலாம்."

சரியாகத்தான் பட்டது. விருந்தாளிக்கு விரித்த பாயில் வீட்டுக்காரன் படுப்பானா? எல்லோரும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் வரிசையாக நின்றோம். இருபது பேருக்குக் குறையாது.

டிரெய்னிங் முடிந்து மேடம் ஓட்டமாக வந்து, எங்களைக் கவனிக்காமல் படியேறினார். பின்னாலேயே அதிகாரி வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் வெள்ளைக் குடை. படியைப் பார்த்து ஒரு முறை பெருமூச்சு விட்டுவிட்டு ஏறினார். நாங்கள் டீயைக் குடிக்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மேடம் சன்னலுக்கு வந்து எங்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"பாத்தியா, புட்சிப்போச்சு அந்தம்மாவுக்கு!" என்றார் ஆட்டோக்காரர். நாங்கள் இருபது பேரும் கையைத் தூக்கி ஆட்டினோம். மேடம் இன்னும் வேகமாக ஆட்டினார். நாங்களும் இன்னும் வேகமாக ஆட்டினோம். அவருக்குப் பின்னாலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். அவருக்கும் சேர்த்து ஆட்டினோம். ஒருவர் விசில் கூட அடித்தார்.

அதிகாரி போனதும் மேலே ஓடினோம். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அடுக்கினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு புக்குலயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கேண்ணா, அது எதுக்குன்னு நினைச்சீங்க? சமையல் புத்தகத்துக்குப் பக்கத்துல சட்டப் புத்தகம் நிக்குது. அந்த மேடம் ஒரு புக்கு கேட்டாங்க. என்னால எடுத்துக் கொடுக்க முடியல, என் லைப்ரரியில." எங்கள் பக்கம் திரும்பினார். "சரி, அதை விடுங்க. நீங்க ஏன் மேல வரல? கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேனே!"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கூப்டியா? நாங்க இன்னாமோ சந்தோஷத்துல ஆட்டறன்னு நெனச்சிகினோம்மா."

மேடம் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ததைப் பார்த்ததும் அங்கே நிற்க முடியாமல் நான் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. மேடம் சத்தமாகப் படித்தார். பார்வையிட்ட நேரத்தில் வாசகர் ஒருவரும் இல்லை. செய்தித்தாள்கள் பிரிக்கப்படாமலேயே இருந்தன. இருக்கைகள் பயன்படுத்திய அடையாளமின்றிப் புதிதாக உள்ளன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் மிகக் குறைவு. எனவே இக்கிளையை இணைத்துவிடப் பரிந்துரைக்கப்படுகிறது.

சத்தம் போடும் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

அறிக்கையின் கடைசியில் ஒரு வழி இருந்தது. முடிவெடுப்பதற்கு முன் நகரத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு வாசகர் பேசலாம். அண்ணன் பேசினால் சண்டையாகும். ஆட்டோக்காரர் பேசினால் தேர்தல் பிரச்சாரமாகும். மேடம் என்னைக் காட்டினார்.

"நானா? எனக்குப் பேச வராது மேடம்."

"அதான் வேணும். ஒரு நாள் விடாம வர்றவர் நீங்க. அடுக்கினதும் நீங்கதான்."

கூட்டத்துக்கு ஆட்டோவிலேயே போனோம். நான், அண்ணன், ஆட்டோக்காரர். ஏசி போட்ட அரங்கம். ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வருங்கால நூலகத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் மூன்று மின்னணு வசதிகள் யாவை?' அண்ணன் என் பேனாவை வாங்கி, ஃபேன், லைட்டு, இன்னொரு ஃபேன் என்று நிரப்பினார். திரையில் வருங்கால நூலகத்தின் படங்களைக் காட்டினார்கள். எங்கு பார்த்தாலும் கண்ணாடி. எல்லோர் பல்லும் வெள்ளையாக இருந்தது. செய்தித்தாளைக் கையில் வைத்திருந்தவர் ஒருவர் கூட இல்லை. "இதுல நம்ம மூஞ்சி ஒண்ணு கூட இல்ல நைனா" என்று அண்ணன் என் காதில் சொன்னார், பாதி அரங்கத்துக்குக் கேட்கிற மாதிரி.

என் முறை வந்தது. மைக்கின் முன்னால் நின்றேன். எழுதிக்கொண்டுபோன தாளைப் பிரித்தேன். வியர்வையில் என் எழுத்து கரைந்திருந்தது. தலையைத் தூக்கினால் மேடையில் அந்த அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு பேர். எனக்கு வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் அண்ணன் எழுந்து நின்று விரலை மேலே சுற்றினார். தூக்கு, தூக்கு.

"அம்மா, அன்னிக்கு நீங்க வந்தப்ப நாங்க எதிர்ல டீக்கடையில நின்னுகினு இருந்தோம்" என்றேன். "மேல இடம் கலைஞ்சிடும்னு. பேப்பர் பிரிக்காம இல்லம்மா. ஏழு பேரு பிரிச்சு படிச்சது. நீங்க வர்றீங்கன்னு இஸ்திரி போட்டு வெச்சோம்."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தக் கூட்டம் நீங்கதானா? என்னைப் பாத்துக் கையாட்டி, விசிலடிச்சு... நான் ரவுடிப் பசங்கன்னு நினைச்சு அவசரமா வண்டியைக் கூப்பிட்டுக் கிளம்பிட்டேன்."

"விசிலு நானில்லம்மா" என்று பின்னாலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். அதுவரை அது அவர்தான் என்று எனக்கும் தெரியாது.

இப்போது அதிகாரியும் சிரித்துவிட்டார். "சரி, சொல்லுங்க. உங்க நூலகம் இனிமே எப்படி இருக்கணும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன். படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும், வயதானவர்கள் ஏற முடியவில்லை. பழைய செய்தித்தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அதைப் போடக் கூடாது. ஏன் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தார் என்றேன். அவருடைய புருஷன் போன படகு திரும்பவில்லை. அது செய்தித்தாளில் மூன்று வரி வந்திருந்தது. எந்தத் தேதி என்று கூட எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள் அதற்கு முந்தின மாதம்தான் எடைக்குப் போயிருந்தது. "அவங்க ஒண்ணும் சொல்லலம்மா. அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துட்டு எறங்கிப் போயிட்டாங்க. கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க, வேணான்னு சொல்லல. ஆனா ரெண்டு பஸ் மாறி வந்து அவங்க எப்படிம்மா தேடுவாங்க?"

வணக்கம் சொல்லாமலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி எங்களிடம் வந்தார். "பழைய தாள்களை ஸ்கேன் பண்றது எங்க திட்டத்துலயே இருக்கு. எதை, எங்க வெச்சுக் காட்டணும்னுதான் யாரும் சொல்லல." கிளம்பப் போனவர் திரும்பினார். "நான் மறுபடி வந்து பாக்கறேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். தயவுசெய்து சுத்தம் பண்ணாதீங்க."

அதன் பிறகு நாங்கள் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. யாராவது சிறுநீர் கழிக்கப் போனால் கூட, "சீக்கிரம் வா, அந்தம்மா வந்துடப் போவுது" என்று அனுப்புவார்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனவர் மாற்று ஆளாகத் தன் தம்பியை உட்கார வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஆரம்பித்தோம். அண்ணன் நாலு மணிக்கு ஒன்று, டீ குடித்துவிட்டு வந்ததும் ஒன்று என்று இரண்டாகப் போட்டார். மேடம் திட்டி, ஒன்றைக் கோடு போட்டு அடித்தார். புத்தகங்களை மறுபடி நம்பர்படி அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கே இரண்டு மாதம் ஆனது. அந்த வேலையில்தான் எங்கள் நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

ஆடியில் ஒரு மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போய்விட்டது. தெருவில் போனவர்களும் மேலே ஏறி வந்துவிட்டதால் பெஞ்சில் இடமில்லை. படி முழுக்க ஈரச் செருப்பு. சன்னலோரம் கிடைத்த வெளிச்சத்துக்கு எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். தலை நனைந்த ஒரு பெண் ஏறி வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த விளையாட்டுத் தாளை எடுத்தார்.

அண்ணன் முஷ்டியை மடக்கிக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை.

"இன்னாமா, ஊருக்குப் புச்சா? அது என் ஷீட்டு. கண்ணாடி தொடச்சிகினு கீறேன், அதுக்குள்ள தூக்கிகினா எப்டி? இந்தா, சினிமா பக்கம். இத்த படி."

எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. வாய்தான் வழக்கம்போல வரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். சினிமா பக்கத்தை வாங்கிக்கொண்டு, மழை விடும்வரை படித்தார். போகும்போது தாளை அண்ணனிடமே மடித்துக் கொடுத்தார்.

"மடிக்கறது கூட சரியா வரல உனுக்கு" என்று அண்ணன் அதைப் பிரித்து வேறு மாதிரி மடித்தார்.

வந்தது அந்த அதிகாரிதான் என்று, அவர் இறங்கிப் போன பிறகுதான் நான் சொன்னேன். அண்ணன் அந்தத் தாளை மறுபடி பிரித்து, அந்தம்மா மடித்த மாதிரியே மடித்து வைத்தார்.

புரட்டாசியில் கடிதம் வந்தது. கிளை தொடரும். மூன்று வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஸ்கேன் செய்யும்வரை பழைய செய்தித்தாளை எடைக்குப் போடக் கூடாது. ஊர் சம்பந்தப்பட்ட தாள்களையும் படங்களையும் வாசகர்களிடமிருந்து வாங்கி வைக்க ஓர் இரும்புப் பெட்டி அனுப்பினார்கள். படியின் கைப்பிடியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு வெல்டரைக் கூட்டிவந்து போட்டுவிட்டார்.

பெட்டிக்கு முதல் ஆளாக அண்ணன் தன் பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அது உள்ளே போகவில்லை. மேடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கவர்மென்ட் ஃபைல்ல நம்ம கதை ஒரு வரிதாண்ணா இருக்கு. 'மறுஆய்வுக்குப் பின் தொடர அனுமதிக்கப்படுகிறது'ன்னு. மூணு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து பாப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதுங்க."

அண்ணன் எழுதட்டும் என்றேன். கையெழுத்துக்கு மேல் எதையும் எழுதுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். நான் தினமும் நோட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். போனால் படிக்கத் தோன்றுகிறது, எழுதத் தோன்றுவதில்லை. மேடம் தினமும் கேட்பார். நாளைக்கு என்பேன். இன்றைக்கு நூலகம் விடுமுறை. யார்டிலும் வேலை இல்லை. மனைவி அவள் அக்கா வீட்டுக்குக் கொடுங்கையூர் போயிருக்கிறாள். காலையில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடித்தேன். நாளை மேடத்திடம் கொடுத்தால், திருத்திப் பெட்டியில் வைப்பார். மூன்று வருடம் கழித்து வருகிறவர் இதைப் படித்துவிட்டு, எங்களை நேரில் பார்க்க மழை நாளாகப் பார்த்து வரட்டும்.

கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.